கம்பிக்குக் கீழே

நேப்பியர் தாண்டி, அறுவடை முடிந்த கோதுமைத் தாளில்
நூற்றுப் பதினேழாம் கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு குவியல் இறகு.
நரி வந்து போயிருக்கிறது. எறும்பு இன்னும் போகவில்லை.
போங்கிலே வண்டியை நிறுத்தினான். நான் படிவத்தை எடுத்தேன்.
செத்தது எதுவென்று எழுதுவது என் உத்தியோகம்.
மின்வாரியம் அதற்கு மாதச் சம்பளம் தருகிறது.

தலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சுலபம்:
பால் நிற நெற்றி, சினந்தால் நாகம்போல் உப்பும் கன்னம்,
மற்றக் கொக்குகளுக்குள்ள
சிவப்புத் தோல் எங்கும் கிடையாது. கிரீடமும் இல்லை, தாடைத் தொங்கலும் இல்லை.
இன்று எனக்குக் கால் மட்டும்.
பின்விரல் சிறுத்து, மண்ணைத் தொடாமல் மேலேயே நிற்கிறது.
கிளையைப் பற்றத் தெரியாத கால்.
(சேர்ந்த புதிதில் நான் ஒரு சாம்பல் நாரையை இதுவென்று எழுதி
தலைமை அலுவலகம் வரை சிரித்தது.
நாரையின் பின்விரல் நீளம், மரத்தில் தூங்கும் சாதி.
இது வரப்பில் அடைகாத்து
இரவில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும்.)

"வாலைப் பாருங்கள், எவ்வளவு நீளம்!"
நாற்சக்கர பைக்கில் வந்திறங்கிய கிடியோன் லொம்பார்ட்
தரையில் கிடந்த கருநீல நாடாவைத் தூக்கிக் காட்டினார்.
வால் இல்லை, ஐயா. சிறகு.
உடம்போடு ஒட்டிய உள்சிறகு வளர்ந்து வளர்ந்து
வாலைத் தாண்டித் தரையைக் கூட்டும்.
நிஜ வால் குட்டை. அதற்கடியில் ஒளிந்திருக்கும்.
முப்பது வருடம் தன் வயலில் பார்த்த பறவையை
அவர் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நெஞ்செலும்பை நரி பிளந்துவிட்டிருந்தது.
உள்ளே மூச்சுக்குழல் எலும்புக்குள்ளேயே புகுந்து
வளைந்து திரும்பி வெளியே வந்தது,
பித்தளை வாத்தியக்காரன் குழாயை மடித்ததுபோல.
அந்தக் கரகரத்த கூப்பாடு
மலைச்சரிவைத் தாண்டிக் கேட்பது இதனால்தான்.
எழுதினேன்: நீலப் பெருங்கொக்கு, வளர்ந்தது, எண்ணிக்கை ஒன்று.
ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் கோடு.
வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்ல
அவற்றுக்கு மட்டுமே தெரியும்.

போங்கிலே ஓர் இறகைக் கையிலெடுத்தான்.
அவன் பேச்சில் இதற்கு இந்த்வே என்று பெயர்.
"எங்கள் பக்கம் இதைத் தலையில் செருக
முதலில் ஏதாவது வீரம் காட்டியிருக்க வேண்டும்.
நான் வண்டி ஓட்டினேன்."
உறைக்குள் போட்டு, எண் எழுதி, ஒட்டினான்.

"பட்டப்பகலில் இத்தனை தடிமன் கம்பி கண்ணில் படாதா?"
லொம்பார்ட் மேலே பார்த்துக் கேட்டார்.
படாது. பறக்கும்போது அது தரையைப் பார்க்கும்:
சிந்திய தானியம் எங்கே, தன் கூட்டம் எங்கே இறங்கியது என்று.
தலையை அப்படிச் சற்றே தாழ்த்தினால் போதும்,
போகிற திசை முழுக்க இருட்டு.
கண் பழுதில்லை. மண்டையில் கண் இருக்கும் இடம் அப்படி.
கோடி வருடமாக அந்த உயரத்தில்
மோத எதுவும் இருந்ததில்லை.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"அந்தச் சுழலும் தகடுகளை இங்கேயும் மாட்டுவீர்களா?"
பரிந்துரை என்ற கட்டத்தில்
ஆம் என்று இரண்டுமுறை எழுதி, ஒன்றை அடித்தேன்.

கிளம்பும்போதுதான் பார்த்தோம்.
எண்பது அடி தள்றி, ஆட்டுப் புழுக்கை கிடந்த மேட்டில்
இன்னொன்று நின்றது. காலடியில் செம்பழுப்புத் தலையோடு ஒரு குஞ்சு,
இன்னும் அந்த நீள இறகு முளைக்காதது.
படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை.
பின்பக்கத்தில் எழுதினேன், மை கசிந்தது.

போங்கிலே சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான்.
தென்கிழக்குக் காற்று கம்பியில் ஊதிக்கொண்டிருந்தது.
பெரியது ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து
அலகைத் தாழ்த்தியது. குஞ்சு வாங்கிக்கொண்டது.
இரண்டும் நடந்தே
கம்பிக்கு அடியில் கடந்து போயின.